கேட்டக்கா உள்ளே விடவில்லை

நாங்கள் அவரைக் கேட்டக்கா என்றுதான் கூப்பிடுவோம். பெரிய ஆஸ்பத்திரியில் உள்நோயாளிகள் கட்டடத்துக்கு ஒரே ஒரு வாசல்தான். அந்த வாசலில் ஒரு இரும்பு கேட். அங்கே பகல் ஷிப்ட் பார்த்த செக்யூரிட்டி அவர்.

"கேட்டக்கான்னா கேட்டதையெல்லாம் குடுக்கிற அக்கான்னு நெனச்சுட்டு வராதீங்க. நான் கேள்வி கேக்குற அக்கா" என்று அவரே சொல்லிச் சிரிப்பார். என் மருந்துக் கவுண்டரின் ஜன்னல் அந்த கேட்டைப் பார்த்தபடி இருந்தது. நாளெல்லாம் மாத்திரை அட்டையைக் கத்தரித்துக் கொடுத்துக்கொண்டிருந்தாலும் காது என்னவோ அவர் பேச்சில்தான் இருக்கும்.

அதற்கு முன்னால் ஒரு பெரிய துணிக்கடையில் விற்பனைப் பெண்ணாக இருந்தவர். அங்கேயும் நின்றுகொண்டே வேலை, இங்கேயும் நின்றுகொண்டே வேலை. அப்பா அம்மா சீக்கிரமே போய்விட்டார்கள். கையில் ஒரு தம்பி. அவனைப் படிக்கவைத்து, ஃபிரிட்ஜ் மெக்கானிக் வேலை கற்றுக்கொள்ள அனுப்பி, கல்யாணமும் செய்துவைத்தார். தனக்கு என்று ஒன்றும் செய்துகொள்ளவில்லை. யாராவது அதைப் பற்றிக் கேட்டால், "கடையில நின்னு நின்னு மாப்பிள்ளை பாக்க உக்கார நேரமில்லாமப் போச்சு" என்பார். தம்பியும் அவன் மனைவியும் குழந்தையும் வீட்டின் முன்பக்கத்தில். கேட்டக்கா பின்னால் ஒரு அறையில். நடுவில் ஒரு சுவர், சாப்பாடு ஒரே அடுப்பில்.

ஆளை உள்ளே விடாமல் திருப்பி அனுப்புவதும் ஒரு வித்தைதான். கேட்டக்காவிடம் அது இருந்தது. பார்வையாளர் நேரம் முடிந்தபிறகு யாராவது முறைத்துக்கொண்டு வந்தால், "உள்ள இருக்கிறவரு உங்களைப் பாத்துட்டு எழுந்து ஓடிவந்துட்டா டாக்டர் என்னைத்தானே திட்டுவாரு" என்பார். வந்தவர் சிரித்துவிட்டுப் போய்விடுவார்.

ஊருக்குள் தொற்றுநோய் வந்ததும் அந்தச் சிரிப்புக்கு வேலை இல்லாமல் போனது. யாரும் யாரையும் பார்க்க வரக் கூடாது என்று உத்தரவு போட்டார்கள். நோயாளி தனியாக உள்ளே போவார். குணமானால் தனியாக வெளியே வருவார். சாப்பாடு, துணி, எதுவானாலும் கேட்டில் பெயர் எழுதிக் கொடுக்க வேண்டும்.

ஆரம்பத்தில் இருந்த பயத்தில் ஜனங்கள் தங்கமாக இருந்தார்கள். வரிசையில் இடைவெளி விட்டு நின்றார்கள். கேட்டக்காவைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார்கள். "நீங்கதாம்மா எங்களைக் காப்பாத்துறீங்க" என்று ஒரு பெரியவர் தண்ணீர் பாட்டில் வாங்கி வந்து வைத்துவிட்டுப் போனார். அன்றைக்குக் கேட்டக்காவுக்கு முகம் கொள்ளாத பெருமை.

அந்தப் பயம் எத்தனை நாள் தாங்கும்? கடை மூடி, வேலை போய், வீட்டுக்குள்ளேயே அடைந்து கிடந்து ஜனங்களுக்கு அலுத்துப்போனது. மாஸ்க் மூக்கிலிருந்து இறங்கி வாய்க்கு வந்தது, வாயிலிருந்து தாடைக்கு. "வெறும் சளிக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டமா?" என்று ஒருவர். "உள்ள என்னமோ பண்றாங்க, அதான் நம்மளை விட மாட்டேங்கிறாங்க" என்று இன்னொருவர். ஒரு ஆள் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "பாருங்க மக்களே, பெத்த அம்மாவைப் பாக்க விடமாட்டேங்கிற இந்தப் பொம்பளையோட மூஞ்சியை நல்லாப் பாத்துக்கோங்க" என்று அவர் முகத்துக்கு நேராகப் படம் பிடித்தான். தாடையில் கிடந்த மாஸ்க்கைப் பிய்த்து அவர்மேல் எறிந்தவனையும் நான் பார்த்தேன். கேட்டக்கா அதை ஒரு குச்சியால் எடுத்துக் குப்பையில் போட்டுவிட்டு அடுத்த ஆளைப் பார்த்து, "சொல்லுங்க" என்றார்.

இதற்கிடையில்தான் ஒரு டீச்சர் வந்தார். அப்பாவும் மகளும் மட்டுமே உள்ள குடும்பம். அப்பா நோய் முற்றி வார்டில் படுத்திருந்தார். நர்ஸ்கள் ஊட்டினால் வாயை இறுக்கி மூடிக்கொள்கிறார், இப்படியே போனால் பட்டினியால் போய்விடுவார் என்று உள்ளேயிருந்து தகவல். டீச்சர் காலையிலேயே டிபன் கேரியரோடு வந்து கேட்டின் ஓரமாக நிற்பார். கத்தவில்லை, கெஞ்சவும் இல்லை. சும்மா நிற்பார். கத்துகிறவர்களைச் சமாளித்துவிடலாம். சும்மா நிற்கிறவரை என்ன செய்வது?

ஒரு மத்தியானம் ஆள் நடமாட்டம் குறைந்த நேரத்தில் கேட்டக்கா கேட்டைக் கொஞ்சமாகத் திறந்தார். "போய் ரெண்டு வாய் ஊட்டிட்டு ஓடி வந்துடணும். யாராவது கேட்டா என் பேரைச் சொல்லாதீங்க." டீச்சர் போனார், வந்தார். வரும்போது கேரியர் காலி. கேட்டக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு, "சாப்பிட்டுட்டாருக்கா, முழுசா சாப்பிட்டுட்டாரு" என்று அழுதார். அதற்குப் பிறகு தினமும் மத்தியானம் அந்த கேட் கொஞ்சமாகத் திறந்தது. கேட்டக்காவின் பழைய சிரிப்பும் கொஞ்சம் திரும்பி வந்தது.

பிறகு டீச்சர் வரவில்லை. கேட்டக்கா அவர் வரும் பாதையையே பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்த வாரம் டீச்சரை ஆம்புலன்சில் ஸ்ட்ரெச்சரில் கொண்டுவந்தார்கள். அதே கேட் வழியாகத்தான் உள்ளே போனார். வெளியே வரும்போது உயிர் இல்லை.

அப்பா பிழைத்துக்கொண்டார். டிஸ்சார்ஜ் ஆகிக் கையில் ஒரு பையோடு தள்ளாடி வந்து, கேட்டக்காவிடம்தான் கேட்டார்: "என் பொண்ணு கூட்டிட்டுப் போக வரேன்னு சொல்லியிருந்தா. வெளிய நிக்கிறாளாம்மா?" அவரிடம் யாரும் சொல்லியிருக்கவில்லை. கேட்டக்கா என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் போய்த்தான் அவரை உட்காரவைத்துச் சொன்னேன்.

பெரிய நர்ஸிடம் கேட்டக்கா தானாகவே போய் நடந்ததைச் சொல்லிவிட்டார். பெரிய நர்ஸ் நல்ல மனுஷி. "கடையில பிடிச்சிருக்கலாம், பஸ்ல பிடிச்சிருக்கலாம். உன்னாலதான்னு யாரு சொன்னா?" என்றார்.

"என்னால இல்லைன்னும் யாரும் சொல்லலையே சிஸ்டர்."

அன்றிலிருந்து அவர் வேறு ஆள். வேடிக்கைப் பேச்சு நின்றுபோனது. "முடியாது" என்ற ஒரே வார்த்தை. அழுதாலும் முடியாது, காலில் விழுந்தாலும் முடியாது.

வீட்டில் தம்பி இதைக் கேலி செய்துகொண்டிருந்தான். அவன் கெட்டவன் இல்லை. வாய் மட்டும் சும்மா இருக்காது. "யூனிஃபார்ம் மாட்டினதும் எங்கக்காவுக்கு உலகமே நோயாளியாத் தெரியுது" என்பான். கடைகளைத் திறக்கக் கூடாது என்ற நாட்களிலும் பையைத் தூக்கிக்கொண்டு சந்து வழியாக வீடு வீடாகப் போய் ஃபிரிட்ஜ் பழுது பார்த்தான். மாஸ்க் பேருக்குச் சட்டைப் பையில் இருக்கும்.

"டேய், போகாதடா. நான் தினமும் கண்ணால பாக்கிறேன்."

"அக்கா, வெளிய போக முடியாம எல்லாரும் ஒரு மாசத்துச் சாப்பாட்டை வாங்கி ஃபிரிட்ஜுல அடுக்கி வச்சிருக்காங்க. அது ஓடலன்னா எல்லாம் அழுகிப் போகும். கூப்பிடுறாங்க, போறேன். நீ ஆஸ்பத்திரிக்கே போயிட்டு வர்றே, உன்னை நான் போகாதேன்னு சொன்னேனா?"

கேட்டக்கா செய்தது எல்லாம், வேலை முடிந்து வந்தால் பின்வாசலில் குளித்துவிட்டு நேராகத் தன் அறைக்குள் போய்விடுவதுதான். தட்டைக் கதவுக்கு வெளியே வைத்துவிடுவார்கள். தம்பி மகள் "அத்தை" என்று ஓடி வந்தால், "அங்கயே நில்லுடா கண்ணு" என்பார். குழந்தை அதை விளையாட்டு என்று நினைத்து நின்ற இடத்திலேயே குதித்துக்கொண்டிருக்கும்.

ஒரு நாள் தம்பிக்குக் காய்ச்சல் வந்தது. ஒத்துக்கொள்ளவே இல்லை. வெயிலில் அலைந்ததால் என்றான், தூக்கம் இல்லாததால் என்றான். மூச்சு வாங்க ஆரம்பித்ததும் கேட்டக்காவே டாக்சி பிடித்துக் கூட்டி வந்தார். கேட்டுக்கு வந்ததும் அவன் இடுப்பில் கை வைத்து நின்று மூச்சு வாங்கிக்கொண்டே, "மேடம், பாஸ் கொண்டு வரலையே, உள்ள விடுவீங்களா?" என்றான். சுற்றி நின்ற எங்களுக்கே சிரிப்பு வந்துவிட்டது. கேட்டக்கா மட்டும் சிரிக்கவில்லை. கேட்டைத் திறந்துவிட்டார். அவன் நடந்து போனான், வார்டு கதவுக்கிட்டே திரும்பிப் பார்த்துக் கையைக் காட்டினான்.

முதலில் போனில் மனைவியோடு பேசிக்கொண்டிருந்தான். பிறகு பேச மூச்சு போதவில்லை, செய்தி அனுப்பினான். பிறகு அதுவும் இல்லை. மூக்கிலும் வாயிலும் குழாய்.

அவன் மனைவி ஒரு பேக்கரியில் ரொட்டி பாக்கெட் போடும் வேலையில் இருந்தவள். அதிர்ந்து பேசாதவள். குழந்தையைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டுக் கேட்டுக்கு வந்தாள்.

"அண்ணி, நான் போய்ப் பாத்துட்டு வந்துடறேன்."

"முடியாதும்மா."

"ஒரே ஒரு நிமிஷம். அவருக்கு இருட்டுன்னா ஆகாது அண்ணி, உங்களுக்குத் தெரியாதா? அங்க என்ன நெனச்சுட்டுக் கிடக்காரோ. நான் வந்திருக்கேன்னு தெரிஞ்சா போதும்."

"உனக்கு ஒண்ணு ஆச்சுன்னா குழந்தைக்கு யாரு இருக்கா? நான் பாத்திருக்கேன். சொன்னா கேளு. வீட்டுக்குப் போ."

போகவில்லை. கேட்டுக்கு எதிரில் மரத்தடியில் உட்கார்ந்துகொண்டாள். மறுநாளும் வந்து உட்கார்ந்தாள்.

பெரிய நர்ஸ் இறங்கி வந்து, கேட்டக்காவை ஓரமாகக் கூப்பிட்டுப் பேசியது என் ஜன்னலுக்குக் கீழேதான். "ஆள் ரொம்ப மோசமா இருக்காரு. நீ ஸ்டாஃப்தானே, நீ வந்தா யாரும் கேக்க மாட்டாங்க. உனக்குப் பாதுகாப்பு டிரஸ் போட்டு நான் கூட்டிட்டுப் போறேன். ஒரு தடவை பாத்துடு."

கேட்டக்கா கேட்டுக்கு வெளியே நின்ற கூட்டத்தைப் பார்த்தார். ஒவ்வொருவருக்கும் உள்ளே ஒரு ஆள். அம்மா, புருஷன், பிள்ளை. இத்தனை நாளும் அவர் முடியாது என்று சொன்ன முகங்கள்.

"இவங்க முன்னாடி நான் எப்படி சிஸ்டர் உள்ள போறது?"

"இவங்களுக்கெல்லாம் நீ கணக்குச் சொல்லணுமா? தம்பியை வளர்த்தவ நீ."

"வேணாம் சிஸ்டர். நான் போனா அவளையும் விடணும். அவளை விட்டா எல்லாரையும் விடணும்." கேட்டுக்குத் திரும்பிப் போய் நின்றுகொண்டார்.

கூட்டத்தில் விஷயம் பரவியது. "சொந்தத் தம்பி பொண்டாட்டியையே விடலையாம், நேர்மைன்னா இப்படி இருக்கணும்" என்றது ஒரு குரல். "நேர்மையா அது? கல்நெஞ்சு" என்றது இன்னொன்று. இரண்டுமே அவர் காதில் விழுந்திருக்கும்.

அன்று சாயங்காலம் மூன்று கார்கள் வந்து நின்றன. ஊரில் பெரிய புள்ளி ஒருவர். அவருடைய மாமியார் உள்ளே இருந்தார். கூட நாலைந்து பேர். பாதிப் பேருக்கு மாஸ்க் இல்லை. "திறம்மா" என்றார்கள். கேட்டக்கா, "யாருக்கும் அனுமதி இல்லைங்க" என்றார். அவர்கள் வாக்குவாதம் செய்யவில்லை, போன் செய்தார்கள். உடனே ஆஸ்பத்திரியின் பெரிய அதிகாரி வேகவேகமாக இறங்கி வந்தார்.

"திற."

"சார், நீங்கதானே உத்தரவு…"

"இப்பவும் நான்தான் சொல்றேன். திற."

திறந்தார். அவர்கள் பேசிக்கொண்டே உள்ளே போனார்கள். கூட்டம் பார்த்துக்கொண்டு நின்றது. அப்போதுதான் தம்பி மனைவி மரத்தடியிலிருந்து எழுந்து ஓடி வந்தாள். கடைசி ஆள் உள்ளே போய் கேட் மூடப்போகிற இடைவெளியில் கையை நுழைத்துவிட்டாள்.

"அவங்களை விட்டீங்களே அண்ணி! அவங்களை விட்டீங்க, என்னை விடுங்க!"

கேட்டக்கா அவள் கையைப் பிடித்தார். அவளை உள்ளே விடப்போகிறார் என்றுதான் நான் நினைத்தேன். கூட்டமும் அப்படித்தான் நினைத்திருக்கும், அவளுக்குப் பின்னால் எல்லாரும் கேட்டை நெருங்கி வந்தார்கள். அந்தக் கூட்டத்தைப் பார்த்தாரோ, டீச்சர் நினைவுக்கு வந்தாரோ, தெரியாது. கேட்டக்கா அந்தக் கையை விரல் விரலாகக் கம்பியிலிருந்து பிரித்து வெளியே தள்ளி, கேட்டை இழுத்துப் பூட்டினார். அவர் வாய் மட்டும் "முடியாதும்மா, முடியாதும்மா" என்று சொல்லிக்கொண்டே இருந்தது.

மறுநாள் காலையில் தம்பி இறந்துவிட்டான்.

உடலைப் பையில் சுற்றித்தான் கொடுத்தார்கள். முகத்தைத் திறக்கவில்லை. வண்டியில் ஏற்றும்போது தூரத்தில் நிற்கவைத்தார்கள். அவன் மனைவி, "இது அவருதானா? இவ்வளவு சின்னதா இருக்கே, அவருதானா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். பக்கத்தில் போன கேட்டக்காவை, தொட வேண்டாம் என்பதுபோல் கையை உயர்த்தித் தடுத்துவிட்டாள்.

கேட்டக்காவுக்கு நோய் வரவே இல்லை. தினமும் அத்தனை பேர் மூச்சுக்காற்று மேலே பட நின்றவருக்கு ஒரு தும்மல்கூட வரவில்லை. "எனக்கு வந்திருக்கக் கூடாதா மருந்துக்காரரே?" என்று ஒருமுறை கேட்டார்.

வீட்டில் முன்பக்கமும் பின்பக்கமும் பேச்சு நின்றுபோனது. அடுப்பு இரண்டானது. குழந்தையின் சத்தம் சுவருக்கு அந்தப் பக்கம் கேட்கும். இந்தப் பக்கம் ஓடி வர ஆரம்பித்தால், "அங்க போகாத" என்று அம்மா குரல் வரும்.

நோயின் வேகம் குறைந்து, கட்டுப்பாடுகள் ஒவ்வொன்றாகக் கழன்றன. ஒரு நாள் கேட்டை முழுதாகத் திறந்து வைக்கச் சொன்னார்கள். ஜனங்கள் கூட்டம் கூட்டமாக வந்து போனார்கள். மாஸ்க் போட்டவர்களைப் பார்த்து, "இன்னும் பயமா?" என்று சிரித்தார்கள். எதிரில் இருந்த டீக்கடையில் தினமும் இதே பேச்சு.

"நாமளும் அந்தச் சமயத்துல என்ன ஆட்டம் ஆடினோம்! பால் பாக்கெட்டைக்கூட சோப்புப் போட்டுக் கழுவினோமே."

"எல்லாம் சும்மா பயமுறுத்துனது. தேவையே இல்லாத கெடுபிடி."

இதைச் சொன்னவர், முன்பு கேட்டக்காவிடம் வந்து, கூட்டத்தை இன்னும் தள்ளி நிற்கச் சொல்லும்படி நடுங்கிக்கொண்டே கேட்டவர்தான். அவருக்கு அது ஞாபகமே இல்லை. கடையின் டிவியில் சில பேர் உட்கார்ந்து விவாதித்துக்கொண்டிருந்தார்கள். பாதுகாப்பு உடை போட்டுச் சொந்தக்காரர்களை உள்ளே விட்டிருக்கலாம் என்று ஒருவர். அன்றைய நிலைமைக்கு அது சாத்தியமே இல்லை என்று இன்னொருவர். கேட்டக்கா டீ கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டு நின்றபடியே பார்த்தார். டீ ஆறி ஏடு படிந்துவிட்டது.

"விட்டிருக்கலாமா மருந்துக்காரரே? நீங்க படிச்சவரு, சொல்லுங்க."

எனக்குத் தெரியவில்லை என்றேன். உண்மையாகவே தெரியவில்லை.

"தேவைப்பட்டதுன்னு யாராவது அடிச்சுச் சொன்னா எப்படியாவது தாங்கிக்குவேன். எல்லாரும் சிரிக்கிறாங்களே. சும்மா செஞ்சதுன்னு சிரிக்கிறாங்களே. அப்ப நான் அந்தக் கையைப் பிரிச்சது எதுக்கு?"

பொறுக்க மாட்டாமல் ஒரு ஞாயிற்றுக்கிழமை தம்பி மனைவியின் கதவைத் தட்டியிருக்கிறார். டீச்சர் கதையை முதல் தடவையாக அவளிடம் சொல்லியிருக்கிறார். அவள் துணி மடித்துக்கொண்டே கேட்டாளாம். கடைசியில் கேட்டாள்: "அந்த டீச்சர் செத்துட்டாங்க, சரி. ஆனா அவங்கப்பா அவங்க கையால சாப்பிட்டாரு இல்ல?"

"சாப்பிட்டாரு."

"எனக்கு அது போதும்னு நான்தானே சொல்லணும் அண்ணி? நீங்க எப்படி எனக்காக முடிவு பண்ணீங்க?"

திட்டியிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும் என்றார் கேட்டக்கா. அவள் குரலை உயர்த்தவே இல்லையாம்.

அந்த மாதமே அவள் குழந்தையோடு வேறு இடத்துக்குக் குடிபோய்விட்டாள். விலாசம் கொடுக்கவில்லை. பேக்கரியில் விசாரித்ததில், வேலையையும் விட்டுவிட்டாள் என்றார்கள்.

அதற்குப் பிறகு கேட்டக்காவால் யாரையும் தடுக்க முடியவில்லை. நேரம் முடிந்து வருகிறவர்கள், குடித்துவிட்டு வருகிறவர்கள், தீவிர சிகிச்சைப் பிரிவுக்குள் கும்பலாகப் போகிறவர்கள், எல்லாரையும் விட்டார். ஒரு ஆள் உள்ளே போய் நர்ஸை அடித்துவிட்டான். சூப்பர்வைசர் வந்து கத்தினார்: "கேட்டுல நிக்கிறது எதுக்கு? நீ ஆளா, பொம்மையா?" கேட்டக்கா, "அவங்க ஆளு உள்ள இருக்காங்க சார்" என்றார். வண்டி நிறுத்துமிடத்துக்கு மாற்றினார்கள். அங்கே கொஞ்ச நாள். பிறகு வேலைக்கு வருவதை நிறுத்திவிட்டார்.

ஒருமுறை அவர் வீட்டுக்குப் போனேன். முன்பக்கத்தில் யாரோ புதிதாகக் குடிவந்திருந்தார்கள், ரேடியோ பாடிக்கொண்டிருந்தது. கேட்டக்கா பின் அறையில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். உடம்பு பாதியாகியிருந்தது. ஆஸ்பத்திரி விஷயம் எதையும் கேட்கவில்லை. கடைத்தெருவில் தம்பி மகளைப் பார்த்ததாகச் சொன்னார். வளர்ந்துவிட்டாளாம். அம்மா கையைப் பிடித்துக்கொண்டு எதிர்ப்பக்கம் நடந்துபோனாளாம். இவர் நின்று பார்த்தாராம். குழந்தையும் ஒரு தடவை பார்த்ததாம்.

"அத்தைன்னு தெரிஞ்சிருக்குமா?"

"சின்னப் பிள்ளை, மறந்திருக்கும்" என்றேன்.

"மறந்திருந்தா நல்லதுதான்" என்றார். "இருங்க, தண்ணி கொண்டு வரேன்" என்று எழுந்து அறையின் சமையல் தடுப்புக்குப் பின்னால் போனார்.

காத்திருந்தேன். பாத்திரச் சத்தம் கேட்கவில்லை. கூப்பிட்டுப் பார்த்தேன்.

"நீங்க போயிட்டு வாங்க" என்று மட்டும் அங்கிருந்து குரல் வந்தது.